மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவளின் மடல்: இராணுவ மனைவியர் நலச் சங்கத்துக்கு

மதிப்புக்குரிய ஆவா என்னும் இராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் தலைவிக்கும், யூனிட் யூனிட்டாகக் குடும்ப நல மையங்களை நடத்தும், அதிகாரிகளின் மனைவியரான மேம்சாப்களுக்கும்,

வணக்கம். ஜவான்களின் மனைவிகளுடைய படிப்பைப் பற்றியும், சங்கத்தில் அவர்களுக்கு இல்லாத தலைமை இடத்தைப் பற்றியும் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. எங்கள் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி. இந்தப் பக்கத்தில் பெண் கொடுக்கும்போது "மாப்பிள்ளை மிலிட்டரி, பென்ஷன் இருக்கு, கேன்டீன் இருக்கு" என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பெண் என்ன படித்திருக்கிறாள், கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் படிப்பு என்ன ஆகும் என்று யாரும் பேச மாட்டார்கள். என் வீட்டிலும் பேசவில்லை.

நான் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவருக்கு ஜோத்பூரில் குவாட்டர்ஸ் கிடைத்தது. பட்டாளத்தில் குவாட்டர்ஸ் கிடைப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜவான்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற வீடுகள் எந்த ஸ்டேஷனிலும் இல்லை, முறை வரும்போது போகாவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. கிளம்பிவிட்டேன். படித்த கல்லூரியில் கேட்டதற்கு, விட்ட இடத்திலிருந்து வேறு ஊரில் தொடர வழியில்லை, வேண்டுமானால் எங்கேயாவது முதல் வருடத்திலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ட்ரங்க் பெட்டியின் அடியில் தாவரவியல் ரெக்கார்டு நோட்டை வைத்துத்தான் ரயில் ஏறினேன். ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் ஆனதும் அவர் யூனிட்டில், குடும்ப விவரங்களைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் போட்டார்கள். என் பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி எல்லாம் அதில் ஏறியது. குழந்தைகள் பிறந்தபோதும் ஏறியது. டிபெண்டன்ட் கார்டு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன், நீ என்ன படித்திருக்கிறாய், என்ன வேலை தெரியும் என்று ஒரு படிவமும் என்னைக் கேட்டதில்லை. நான் எழுத வந்த விஷயமே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு ஸ்டேஷனில் பொழுது போகாமல் நானே ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் பிளாக்கிலும் எதிர் பிளாக்கிலும் இருந்த பெண்களிடம் சாயங்காலம் பேசும்போது கேட்டு எழுதிக்கொள்வேன். தரைத்தளத்தில் இருந்த ஒடியாப் பெண் எம்.எஸ்சி. கணிதம். மாடியில் ஒரு மராட்டிப் பெண், சிவில் டிப்ளமோ, கட்டடம் கட்டும் இடத்தில் இரண்டு வருடம் மேஸ்திரிகளை வேலை வாங்கியவள். நாகர்கோவில் அக்கா ஒருவர் நர்ஸ், ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர். பஞ்சாப்காரி ஒருத்தி மாவட்ட அளவில் கபடி ஆடியவள். பி.எட். முடித்தவர்கள் மூன்று பேர். பத்தாவதோடு நின்றவர்கள் நிறைய, ஆனால் அவர்களில் ஒருத்தி ஊரில் சுயஉதவிக் குழுக் கணக்கை நான்கு வருடம் ஒரு பைசா பிசகாமல் எழுதியவள். இவர்கள் எல்லோரும் ஒரே மைதானத்தைச் சுற்றிக் குடியிருந்தார்கள். அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை என்று வெளியிலிருந்து ட்யூஷன் வாத்தியாரை வரவழைத்துக்கொண்டிருந்தோம்.

நாகர்கோவில் அக்காவின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவர் ஒருவருடைய கதை இல்லை. நர்ஸுக்குப் பதிவு மாநில நர்சிங் கவுன்சிலில். தமிழ்நாட்டில் பதிந்தவர் ராஜஸ்தானில் வேலை பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே பதிய வேண்டும். அந்தக் காகிதம் எல்லாம் ஓடி முடிவதற்குள் அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்துவிடும். அப்புறம் அசாம், அங்கே மறுபடி ஆரம்பம். ஆசிரியைகளுக்கும் இதேதான், மாநிலத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வு அந்த மாநிலப் பள்ளிகளுக்கு, மத்திய தேர்வான சி.டெட் இருந்தால்தான் கேந்திரிய வித்யாலயா பக்கம் போகலாம், இந்த வித்தியாசத்தைக்கூட எங்களில் பலருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததில்லை. ஒரு பெண் தமிழ்நாட்டுத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டு, அந்தச் சான்றிதழைப் பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜம்முவுக்குக் கொண்டுவந்தாள்.

என் படிப்பை எப்படி முடித்தேன் என்றால், இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பிராந்திய மையத்தை மாற்றிக்கொள்ளலாம், தேர்வு எழுதும் ஊரை மாற்றிக்கொள்ளலாம், வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு ஏற்பாடு. மூன்று வருட பி.ஏ.வை அவர்கள் கொடுத்த கடைசி வருடமான ஆறாவது வருடத்தில் முடித்தேன். நடுவில் ஒரு பிரசவம், இரண்டு போஸ்டிங், ஒரு ஜூன் தேர்வின்போது நான் ரயிலில் இருந்தேன். இதில் இக்னோ இருக்கிறது என்பதையே எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு பீகாரிப் பெண். யூனிட்டில் யாரும் சொல்லவில்லை என்று குறையாகச் சொல்லவில்லை, சொல்வது ஒருவருடைய வேலை என்று யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்கிறேன்.

சங்கம் 1966-இல் தொடங்கப்பட்டது என்று தெரியும். சிறப்புக் குழந்தைகளுக்காக நீங்கள் நடத்தும் ஆஷா பள்ளிகள் எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன என்றும் தெரியும், என் தோழியின் மகன் அப்படியொரு பள்ளியில்தான் தன் பெயரை எழுதக் கற்றான். தையல் வகுப்பு, பேக்கிங் வகுப்பு, அழகுக்கலை வகுப்பு எல்லாம் நல்லவைதான். ஆனால் எம்.எஸ்சி. படித்தவளுக்கும் எட்டாவது படித்தவளுக்கும் ஒரே தையல் வகுப்பைக் கொடுத்தால் இருவருக்குமே பாதிதான் கிடைக்கிறது. எட்டாவது படித்தவளுக்கு முதலில் தேவைப்படுவது திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது. எம்.எஸ்சி.காரிக்கு பி.எட்., அல்லது வங்கித் தேர்வு, அல்லது கணினி.

பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் பணம் தருகிறது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு குழந்தைக்கு மாதம் 2,250 ரூபாய் என்று இரண்டு குழந்தைகளுக்குக் கல்விப்படி வந்தது, பிறகு அதுவும் கூடியது. கேந்திரிய வித்யாலயா 1963-இல் தொடங்கியதே மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியர், படைவீரர் பிள்ளைகளுக்காக. ஆர்மி பப்ளிக் ஸ்கூல் இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில், இடம் மாறுகிற குடும்பத்துக்கு இடம் மாறாத படிப்பு வேண்டும் என்பது அறுபது வருடம் முன்னாலேயே புரிந்துவிட்டது. தாயும் அதே ரயிலில்தான் வருகிறாள்.

இன்னொரு விஷயம், எழுதும்போதே கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிரதமர் கல்வி உதவித்தொகை 2006-07-இலிருந்து இருக்கிறது. பையனுக்கு மாதம் 2,500, பெண்ணுக்கு 3,000. அது முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர, பணியில் உயிரிழந்தவரின் மனைவிக்கு 35 வயது வரை சலுகை உண்டு. நாயக் தீபக் நைன்வால் 2018-இல் காஷ்மீரில் சண்டையில் குண்டடிபட்டு, பிறகு இறந்துபோனார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அவர் மனைவி ஜோதி நைன்வால் 2021 நவம்பரில் அதே பரங்கிமலையில் பயிற்சி முடித்து அதிகாரியாக நடந்து வந்தார். லடாக்கின் கல்வானில் 2020-இல் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர் கொடுத்து வீர் சக்ரா பெற்ற தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 2023-இல் அங்கிருந்தே லெப்டினென்ட் ஆனார். இரண்டு பேருமே ஜவான்களின் மனைவிகள். டி.வி.யில் அவர்களைப் பார்த்து அழாத மிலிட்டரி குடும்பம் எங்கள் தெருவில் இல்லை.

அவர்களுக்குக் கொடுத்ததில் ஒரு துளியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை, இன்னும் நிறையக் கொடுங்கள். நான் கேட்பது, ஜோதிக்குள் இருந்த அதிகாரி 2018-க்கு முன்னாலும் இருந்தாள் இல்லையா? கணவர் உயிரோடு டூட்டியில் இருந்த அத்தனை வருடமும் அவள் ஏதோ ஒரு ஊரில், ஒரு வீட்டில் இருந்திருப்பாள். நீ என்னவாக வர விரும்புகிறாய் என்று எங்களைக் கேட்பதற்கு மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சரி, தலைமைக்கு வருகிறேன். இதை மரியாதையோடுதான் சொல்கிறேன், கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரர் ஃபீல்டில், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடத்தில், இருந்த இரண்டரை வருடம் நானும் பிள்ளைகளும் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான குவாட்டர்ஸில் இருந்தோம். அங்கே ஆண்களே இருக்க மாட்டார்கள், லீவில் வந்தவர் ஒருவர் இருவர் தவிர. ஒரு நாள் சாயங்காலம் டி.வி.யில் கீழே ஓடும் எழுத்தில் செய்தி வந்தது, அவர்கள் யூனிட் இருந்த பகுதியில் என்கவுன்டர், உயிர்ச்சேதம் என்று. பெயர் இல்லை. எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர்களின் போன் எதுவும் போகவில்லை. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் ஆரம்பித்ததும் அடுத்தடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டது, குழந்தைகள் எதற்கென்று தெரியாமலே அழுதன.

அப்போது உத்தராகண்டின் கடுவால் பக்கத்துக் கடுவாலி அம்மா ஒருவர், நாயிப் சுபேதாரின் மனைவி, ஐந்தாவது வரைதான் படித்தவர், எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். டி.வி.யை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். வந்ததும் முதலில் குழந்தைகளைப் பிரித்தார், நான்கு பெண்களிடம் ஒப்படைத்து ஒரே வீட்டில் சாதம் பருப்பு வைத்துச் சாப்பிடச் செய்தார். அடுத்து ஒவ்வொருத்தியிடமும் கடைசியாக வீட்டுக்காரரோடு எப்போது பேசினாய், அவர் எங்கே இருப்பதாகச் சொன்னார் என்று கேட்டு என்னை எழுதச் சொன்னார். கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நாகர்கோவில் அக்காவை உட்காரவைத்தார். ஃபீல்டுக்குப் போகாமல் பின்னால் தங்கியிருக்கும் யூனிட் ஆபீஸுக்குத் தன் போனிலிருந்து மட்டும்தான் பேச வேண்டும், எல்லோரும் அடித்தால் லைன் கிடைக்காது என்றார். யாரும் ஊருக்குப் போன் போட்டு மாமியாரைப் பதறவைக்கக் கூடாது என்றார். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தகவல் வந்தது, எங்கள் ஆட்கள் இல்லை, பக்கத்து யூனிட். எங்களில் யாரும் சந்தோஷப்படவில்லை. அந்த அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத அந்தப் பெண்களுக்காகக் கும்பிட்டார். விடிந்ததும் அவர்கள் குவாட்டர்ஸ் எங்கே என்று விசாரித்து, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் நல மையத்தில் கூட்டம் நடந்தது. முன் வரிசையில் சோபா, இரண்டாவது வரிசையில் குஷன் நாற்காலி. அந்த அம்மா என்னோடு மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தலைமைப் பண்பு பற்றி ஒரு பேச்சு இருந்தது, வெளியிலிருந்து ஒருவர் வந்து படம் போட்டு விளக்கினார். இங்கிலீஷில். கடுவாலி அம்மா எல்லோரும் கைதட்டும்போது கைதட்டினார். அந்த ராத்திரியைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது, எங்களைத் தவிர.

சங்கத்தில் தலைவி யார் என்பது கணவரின் தோளில் இருக்கும் நட்சத்திரத்தைப் பொறுத்தது. தலைமைத் தளபதியின் மனைவி நாட்டுக்கே தலைவி, அப்படியே கமாண்ட், டிவிஷன், யூனிட் என்று இறங்கி வருகிறது. அப்படி வந்த மேம்சாப்களில் அருமையானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேப்டன் சாபின் மனைவி, என்னைவிட வயதில் சின்னவர், சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், எனக்கு இங்கிலீஷில் அசைன்மென்ட் எழுத வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வேலையும் போஸ்டிங்கில்தான் போனது என்பதை நான் மறக்கவில்லை. படிப்பும் உத்தியோகமும் உடைந்துபோவது உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான வலி.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். காலாட்படையில் கமாண்டிங் ஆபீசர் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுகிறார், அவரோடு மேம்சாபும் போய்விடுகிறார். சிப்பாயாகச் சேர்ந்தவர் சுபேதார் ஆகும்வரை பெரும்பாலும் அதே பட்டாலியனில்தான். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா, எவள் கணவன் குடிக்கிறான், எவள் மாமனார் பணத்தைப் பிடுங்குகிறார், எந்தப் பெண் மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அந்த ஜே.சி.ஓ. (நாயிப் சுபேதார், சுபேதார் போன்றவர்கள்), ஹவில்தார் மனைவிகள்தான். யூனிட்டின் நினைவே அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு அந்த அமைப்பில் தீர்மானிக்கும் இடம் ஒன்றும் இல்லை. கலை நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பது, ஸ்டாலில் பலகாரம் வைப்பது, விருந்தாளி வந்தால் ஆரத்தித் தட்டு பிடிப்பது, இவைதான் எங்கள் பக்கம் வருகின்றன.

ஒவ்வொரு கம்பெனியிலும் ஜவான்களின் மனைவிகள் தங்களுக்குள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கட்டும். கணவரின் ரேங்க் பார்க்காமல், கை தூக்கித் தேர்ந்தெடுக்கட்டும். நல மையத்தின் பணத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று அவர்கள் கூடித் தீர்மானிக்கட்டும், கணக்கு எழுதட்டும், தப்பு வந்தால் அவர்களே பதில் சொல்லட்டும். தலைமைப் பயிற்சி என்று படம் போட்டுக் காட்டுவதைவிட இதில் சீக்கிரம் கற்றுக்கொள்வோம். பயிற்சியும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, மனு எப்படி எழுதுவது, கூட்டக் குறிப்பு எப்படி எடுப்பது, வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்டைப் பற்றி என்ன கேட்பது, மனமுடைந்த பெண்ணிடம் முதல் பத்து நிமிடம் என்ன பேசுவது, என்ன பேசக் கூடாது, இதையெல்லாம் இந்தியிலும் முடிந்தால் எங்கள் எங்கள் மொழியிலும்.

அமெரிக்காவில் இளநிலை ரேங்கில் இருக்கும் படைவீரரின் மனைவிக்கோ கணவருக்கோ, வேலைக்கு உதவும் சான்றிதழ் படிப்புக்கு 4,000 டாலர் வரை தரும் திட்டம் ஒன்று இருக்கிறது, மைகா என்பார்கள். 2023 ஜனவரியில், மாற்றலாகிப் போகும் இடத்தில் மனைவியின் தொழில் உரிமம் செல்லும்படியாகச் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உரிமம் செல்லும் என்று ஒரு சட்டம் போடுவதற்குப் பணம் தேவையில்லை, கேட்பதற்கு ஆள்தான் தேவை. நீங்கள் கேட்டால் டெல்லியில் காது கொடுப்பார்கள். நர்ஸுகளுக்காகவாவது முதலில் கேளுங்கள்.

இன்னும் சின்னதாக ஒன்று. வகுப்பு எது வைத்தாலும் அந்த நேரத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு பேரும் வையுங்கள். நான் சேர்ந்த கணினி வகுப்பில் ஆரம்பத்தில் இருபது பேர், மூன்றாவது வாரம் ஆறு பேர். பதினான்கு பேருக்கும் படிக்க ஆசை போய்விடவில்லை, மடியில் குழந்தை இருந்தது.

நடுவில் எங்கள் மாநிலத்து முன்னாள் படைவீரர் நலத்துறைக்கும் ஒரு வார்த்தை. என் மகன் எட்டாவது படிக்கும்போது அவர் ஓய்வுக்கு முன்னால் நாங்கள் ஊருக்கு வந்தோம். இந்தி எழுத்துக் கூட்டாமல் படிப்பான், தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. 2006 சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், அது சரியான சட்டம், நான் அதை மாற்றச் சொல்லவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவன் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படித்த இரண்டு வருடம் எனக்கு மறக்காது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இலிருந்து பாடம் வைத்திருக்கிறது. தேஜ்பூரிலும் பதான்கோட்டிலும் இருக்கும் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கும் அதையே ஒரு ஆசிரியரோடு கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சொல்லிக்கொடுக்கத் தமிழ் படித்த தாய்மார்கள் அங்கேயே குவாட்டர்ஸில் இருக்கிறார்கள், ஒரு சம்பளமும் கொடுத்தால் இரண்டு வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், ஜவான் சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுகிறார். சிப்பாயாகவே இருந்துவிடுகிறவர் நாற்பது வயதை ஒட்டிப் பென்ஷனில் வருகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பத்தாவது, ப்ளஸ் டூ. வீட்டுக்காரர் செக்யூரிட்டி வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருப்பார், மனைவிக்கு முப்பத்தைந்து இருக்கும், கையில் எதுவும் இருக்காது. பதினைந்து வருடம் தனியாக வீட்டை நடத்தியவள், ஐந்து மாநிலத்தில் பள்ளி அட்மிஷன் வாங்கியவள், இரண்டு மொழி பேசுகிறவள், எதையும் காகிதத்தில் காட்ட முடியாது. ஓய்வு பெறும் ஜவானுக்கு மறுவாழ்வுப் படிப்பு இருக்கிறது. அதே வருடத்தில் மனைவிக்கும் ஒன்று வையுங்கள், முடிந்தால் ஐந்து வருடம் முன்பிருந்தே.

எனக்கு வேலை கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலை, சம்பளம் பெரிதில்லை, ஆனால் இக்னோ சான்றிதழைக் காட்டித்தான் கிடைத்தது. எங்கள் தெருவில் இப்போது பட்டாளத்துக்கு மருமகள்களாகப் போகும் பெண்களிடம், படிப்புச் சான்றிதழை ட்ரங்கின் அடியில் வைக்காதே, மேலே வை என்று சொல்லி அனுப்புகிறேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர், ஊர், படிப்பு, என்ன தெரியும், என்ன ஆசை என்று ஐந்து கட்டம் போட்டு எழுதியது. கடுவாலி அம்மா பெயருக்கு நேரே படிப்புக் கட்டத்தில் ஐந்தாவது என்றிருக்கிறது. ஆசைக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, கையெழுத்து போடுவதோடு நிறுத்தாமல் ஒரு லெட்டர் முழுதாக எழுத வேண்டும், எழுதி நேரே பெரிய மேம்சாபுக்கே அனுப்ப வேண்டும் என்றார். அவர் எழுதிவிட்டாரா என்று தெரியவில்லை. நான் எழுதிவிட்டேன்.

ஜெய் ஹிந்த்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தாரின் மனைவி
வேலூர் மாவட்டம்